கோணல் குழாய்

பிப்ரவரி 3

அன்புள்ள நோஞ்சான் தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் உன் சம்சாரமும் அதையே ஒழுங்காகச் செய்துகொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போனில் கூப்பிட்டால் "ரவுண்ட்ஸ்ல இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் பேனாவை எடுத்துவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் கையெழுத்து, பொறுத்துக்கொண்டு படி. நீ மருந்துச் சீட்டு எழுதுகிற அழகுக்கு இது எவ்வளவோ மேல்.

நீ ஊருக்குத் திரும்பிய பிறகு உன் அத்தான் வயிற்றிலிருந்து மறுபடியும் தண்ணீர் எடுத்தார்கள். "பஸ் ரேடியேட்டர் மாதிரி ஆயிட்டேன். ஒரு பக்கம் ஊத்துறாங்க, ஒரு பக்கம் இறக்குறாங்க" என்கிறார். ஓட்டுநர் புத்தி போகுமா? கண் இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கிறது. ஒரு சொட்டுக் குடித்தறியாத மனுஷன். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் என்னைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போய், "உண்மையைச் சொல்லு, யாருக்கும் தெரியாம ஊத்திக்குவாரா?" என்று கேட்கிறார்கள். "ஆமா, எனக்கும் ஒரு கிளாஸ் ஊத்திக் கொடுப்பார்" என்று சொல்லி அனுப்புகிறேன்.

வேறு ஈரல் வைக்காவிட்டால் இந்த வருஷத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று உன் அத்தானைப் பார்க்கிற டாக்டர் சொன்னது என் காதிலேயே நிற்கிறது. ஈரல் கொடுக்க வருகிறவர்களைப் பரிசோதிப்பது அந்தக் கண்ணாடி டாக்டர். உன்னிடம் படித்த பெண்தானே, உன்னைப் போலவே சிரிக்காமல் பேசுகிறாள். எனக்கு ரத்த வகை சேரவில்லை. கொழுந்தனுக்கு ஈரலெல்லாம் கொழுப்பு. உன்னையாவது நம்பியிருந்தோம். எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து, "சாரோட கல்லீரல்ல ரத்தக்குழாய் அமைப்பு தானத்துக்கு ஏத்தபடி இல்லை" என்று முடித்துவிட்டாள். நீ அப்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஊருக்கெல்லாம் ஈரல் மாற்றுகிற கூட்டத்தில் பெரிய டாக்டர், ஐம்பது பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவன், அவன் ஈரலுக்குள்ளேயே குழாய் கோணல்! முதலில் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து தையல் மெஷினில் உட்கார்ந்ததும் பயம் வந்துவிட்டது. அந்தக் கோணலால் உனக்கு ஏதும் ஆபத்து உண்டா? மருந்து சாப்பிடுகிறாயா? மறைக்காமல் எழுது.

உன் அக்கா

---

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. இங்கே குளிர் குறைந்திருக்கிறது. வீட்டில் அவளும் நன்றாக இருக்கிறாள்.

அத்தானுக்கு உப்பைக் கண்டிப்பாகக் குறைக்க வேண்டும். அந்த இனிப்பு மருந்தை, கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது என்பதற்காக நிறுத்திவிடக் கூடாது. வயிறு தினமும் இளகிப் போனால்தான் மூளைக்கு விஷம் ஏறாது. பேச்சு குழறினாலோ, கையை நீட்டி விரிக்கச் சொல்லும்போது கை படபடவென்று ஆடினாலோ, உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போ. நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதே.

இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் கல்லீரலுக்கான வரிசையிலும் அத்தான் பெயர் இருக்கிறது. நம்பிக்கையை விட வேண்டாம். என் மாணவி திறமையானவள். என்னை நம்புவதுபோல் அவளை நம்பலாம்.

தேர்வு நேரம். விடைத்தாள்கள் குவிந்திருக்கின்றன. உன் பெண் வாலு எப்படி இருக்கிறாள்? படிப்பை விட்டுவிட வேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
தம்பி

---

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நேற்றைவிட இன்று கொஞ்சம் தேவலை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் போன கடிதமே எழுதினேன். உப்பு, இனிப்பு மருந்து, குளிர், விடைத்தாள் என்று ஊரிலுள்ளதை எல்லாம் எழுதியிருக்கிறாய். உன் குழாயைப் பற்றி ஒரு வரி இல்லையே! தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

எனக்குச் சந்தேகம் வந்தால் விடமாட்டேன் என்று உனக்குத் தெரியும். உன் சம்சாரத்துக்குப் போன் போட்டேன். "அவருக்கு என்ன? தினமும் காலைல ஓடுறாரு, படி ஏறுறாரு, நல்லாத்தான் இருக்காரு" என்கிறாள். ஆக, கட்டியவளிடமே சொல்லாமல் வைத்திருக்கிறாய். அவ்வளவு பெரிய கோளாறா? வைத்தியன் வீட்டில்தான் வியாதி ஒளிந்து விளையாடும் போலிருக்கிறது.

இன்னொன்று. கொழுந்தன் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. பரிசோதனைக்குப் போகிற அன்று காலையில் ஓரகத்தி முகம் வீங்கியிருந்தது. அழுதிருக்கிறாள். "போகாதீங்க" என்று காலைக் கட்டியிருப்பாள். இவரும் உள்ளே போய், "எப்படியாவது என்னைத் தப்பிக்க வைங்க" என்று டாக்டரிடம் கெஞ்சியிருப்பார். கொழுப்பாம் கொழுப்பு! வாயில்தான் கொழுப்பு. நான் அவர்களோடு பேச்சை நிறுத்தியாகிவிட்டது. நேற்று ஓரகத்தி எதிரே வந்தாள். நான் எதிர்க் கடையில் வாளி விலை கேட்கப் போய்விட்டேன். வீட்டில் ஏற்கெனவே நாலு வாளி இருக்கிறது.

உன் அத்தான் நேற்று வீட்டுச் சாவியைக் கொண்டுபோய் ஐஸ்பெட்டிக்குள் வைத்துவிட்டார். கேட்டதற்கு, "டிப்போல ஒப்படைச்சுட்டேன்" என்றார். உடனே அழைத்துப் போனேன். மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள்.

குழாய் விஷயத்துக்குப் பதில் வேண்டும்.

உன் அக்கா

---

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானை உடனே அழைத்துப் போனது சரி.

கொழுந்தன் விஷயத்தில் நீ நினைப்பது தவறு. அவருடைய ஸ்கேன் படத்தை உங்கள் எல்லோருக்கும் காட்டினார்கள். நானும் பார்த்தேன். கொடுத்தால் அவர் உயிருக்கே ஆபத்து. அந்த மனிதர் உண்மையாகவே கொடுக்க வந்தார். அவர் மீது பழி போடாதே, அக்கா. இதை மட்டும் எனக்காகச் செய்.

என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். இப்படிப் பலருக்குப் பிறவியிலேயே இருக்கும். இதற்கு மருந்து கிடையாது, தேவையும் இல்லை. என் மனைவியிடம் இனிக் கேட்காதே.

அன்புடன்,
தம்பி

---

ஏப்ரல் 6

அன்புத் தம்பிக்கு,

இங்கே உடம்புக்கு ஒன்றும் புதிதாக இல்லை. புதிதாக வந்திருப்பது கோபம்தான். இந்தக் கடிதத்தைச் சிரித்துக்கொண்டு எழுதவில்லை, முன்பே சொல்லிவிடுகிறேன்.

உன் மாணவி எங்களை ஏமாற்றுகிறாள்.

ஆஸ்பத்திரியில் ஈரல்காரர்களுக்கென்று ஒரு காத்திருப்புக் கூடம் இருக்கிறதல்லவா? நாற்காலி எல்லாம் ஒன்றோடொன்று சேர்த்து ஆணி அடித்தது. ஒருவர் எழுந்தால் நாலு பேர் ஆடுவோம். அங்கே உட்கார்ந்தால் என் வாய் சும்மா இருக்குமா? பக்கத்தில் ஒரு தச்சர் மனைவி. "எங்க மருமகன்தான் கொடுக்கறதா இருந்தாரு. ரத்தக்குழாய் அமைப்பு தானத்துக்கு ஏத்தபடி இல்லைன்னுட்டாங்க" என்றாள். அடடே, என் தம்பிக்கும் அதேதான் என்றேன். முன்வரிசையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் திரும்பினார். அவர் அக்கா மகனுக்கும் அதேதான். சொல் மாறாமல் அதேதான். ஏதோ பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கி சொல்வதுபோல!

ஊரிலுள்ள எல்லோர் குழாயும் ஒரே ரகமாகவா கோணும்? நான் விடவில்லை. "உங்களுக்குப் படம் காட்டினாங்களா?" என்று கேட்டேன். காட்டவில்லை. கொழுந்தனுக்குப் படம் காட்டினார்கள், வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பைத் தொட்டுக் காட்டினார்கள். கல் இருக்கிறது, வீக்கம் இருக்கிறது என்று அனுப்பிய எல்லோருக்கும் படம் உண்டு. குழாய்க்காரர்களுக்கு மட்டும் படம் இல்லை, வாய்ப்பேச்சுதான்.

எனக்குப் புரிந்துவிட்டது. எங்களை ஒதுக்கிவிட்டு வேறு யாருக்கோ முன்னுரிமை கொடுக்கிறார்கள். நேரே உன் மாணவி அறைக்குள் போனேன்.

"டாக்டரம்மா, என் தம்பி குழாய்ப் படத்தைக் காட்டுங்க."

"அதைக் காட்ட முடியாதும்மா."

"ஏன், அதுல என்ன ராணுவ ரகசியமா இருக்கு?"

"அம்மா, தயவுசெஞ்சு உட்காருங்க."

"உட்காரல. படமே இல்லையா, இருக்கிற படத்துல கோணலே இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். தச்சர் மனைவியும் வாத்தியாரும் நானும் சேர்ந்து தலைமை டாக்டரிடம் புகார் கொடுக்கப் போகிறோம். உன் பிள்ளை போன்றவள் என்பதால் உன்னிடம் முதலில் சொல்கிறேன். சீக்கிரம் பதில் போடு.

உன் அக்கா

---

ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. வகுப்பை ரத்து செய்துவிட்டு எழுதுகிறேன். தயவுசெய்து புகார் கொடுக்காதே. அந்தப் பெண் யாரையும் ஏமாற்றவில்லை. அந்த வாக்கியம் அவளுடையது அல்ல. நான் சொல்லிக்கொடுத்தது.

நான் படித்து முடித்த புதிதில் எங்கள் வார்டுக்கு ஓர் இளைஞன் வந்தான். அச்சகத்தில் வேலை. அண்ணனுக்குக் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்க வந்திருந்தான். பெரிய டாக்டர் அவனிடம் சம்மதம் கேட்டபோது சுற்றிலும் அப்பா, அம்மா, அண்ணி, அண்ணன் பிள்ளைகள் எல்லோரும் நின்றார்கள். அவன் தலையாட்டினான். அறுவைக்குத் தள்ளிக்கொண்டு போகையில் லிஃப்டுக்குள் என் கோட்டைப் பிடித்துக்கொண்டான். பிடித்துக்கொண்டான், அவ்வளவுதான். கதவு திறந்ததும் விட்டுவிட்டான். மிகச் சிலருக்கே நேர்வது அவனுக்கு நேர்ந்தது. திரும்பி வரவில்லை. அண்ணன் பிழைத்தான். பிழைத்த மகனோடு அந்தத் தாய் பேசவே இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நான் பாடம் எடுக்கத் தொடங்கியபோது முதலில் வைத்த விதி இது. கொடுக்க வருகிறவரை ஒரு டாக்டர் தனியாகப் பார்க்க வேண்டும். அந்த டாக்டர் நோயாளிக்கு வைத்தியம் பார்ப்பவராக இருக்கக் கூடாது. கதவை மூடிக் கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்று சொன்னால், ஏன் என்று கேட்கக் கூடாது. வெளியே வந்து, உடம்பு பொருந்தவில்லை என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவர் வீட்டுக்குத் திரும்பி அதே குடும்பத்தோடு சாப்பிட வேண்டுமே! அதற்காக ஒரு வாக்கியம் வைத்தேன். என் மாணவர்கள் போன இடமெல்லாம் அதையே சொல்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே வாக்கியம் வைத்தது என் முட்டாள்தனம். காத்திருப்புக் கூடத்தில் ஜனங்கள் பேசிக்கொள்வார்கள் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

சிலருக்கு உண்மையிலேயே குழாய் பொருந்துவதில்லை. அவர்களுக்கும் இதே வாக்கியம்தான், அவர்களுக்கும் படம் காட்டுவதில்லை. ஆகவே யார் எந்த ரகம் என்று யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. தச்சர் மனைவியிடமும் வாத்தியாரிடமும் ஏதாவது சொல்லிச் சமாளி. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்க வேண்டாம். யாரையும் கேட்க வேண்டாம்.

அத்தானைப் பார்த்துக்கொள்.

தம்பி

---

மே 27

தம்பிக்கு,

நாங்கள் நலம். அங்கே எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

கடிதம் வந்தது. புகார் கொடுக்கவில்லை. படம் எடுக்கிற மெஷின் பழுதாம் என்று வாத்தியாரிடம் சொன்னேன், நம்பிவிட்டார். உன் மாணவியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். கொழுந்தன் வீட்டுக்கும் போனேன். ஓரகத்தி கதவைத் திறந்து, "என்னக்கா, வாளி வாங்க வந்தீங்களா?" என்றாள். அழுது சிரித்துச் சமாதானமானோம். அன்று அவள் முகம் வீங்கியிருந்தது பல்வலியாம்.

உன் அத்தானுக்கு மோசமாகிக்கொண்டிருக்கிறது. இந்த மாதம் மூன்று தடவை சேர்க்க வேண்டியிருந்தது. வரிசை நகரவில்லை.

வாலு தான் கொடுப்பதாகச் சொல்கிறாள். அவள் பெயரை எடுக்கவே கூடாது என்று உன் அத்தான் முதலிலேயே என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அவருக்கு நினைவு தப்பியிருந்த நாளில் அவளே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

உன் உடம்பைப் பற்றி இனிமேல் கேட்கமாட்டேன்.

அக்கா

---

ஜூன் 5

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்றரை மாதமாக உன் கடிதம் இல்லை. போனையும் நீ எடுக்கவில்லை. இப்போது வந்திருப்பதை நாலு முறை படித்தேன். நீ கேலி செய்யாமல் எழுதிய முதல் கடிதம் இது.

வாலுவைத் தனியாக வைத்துக் கேட்டார்களா? நீ பக்கத்தில் இருந்தாயா? இருக்கக் கூடாது. அவளுக்கு இருபத்திரண்டுதான் ஆகிறது. எடையும் குறைவு. இன்னும் கொஞ்ச நாள் வரிசையைப் பார்க்கலாமே. அவள் படிப்பு முடியட்டுமே.

ஆபத்து மிகக் குறைவு. நான் எல்லோரிடமும் சொல்வதுதான். உண்மையும்கூட.

தம்பி

---

ஜூன் 20

அன்புத் தம்பிக்கு,

இங்கே உடம்பு இருக்கிறது, உயிர் எங்கேயோ அலைகிறது. நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா?

வாலுவுக்கு எல்லாம் பொருந்திவிட்டது. ரத்தம், அளவு, குழாய், எல்லாம். படம்கூடக் காட்டினார்கள். "ரொம்ப அழகான கல்லீரல்" என்று ஒரு டாக்டர் சொன்னார். என் பெண்ணை அழகு என்று யாராவது சொன்னால் எனக்குத் தலைகால் புரியாது. அன்றைக்கு அந்த மனுஷனை ஓங்கி அறையலாம் போலிருந்தது.

காத்திருப்புக் கூடத்தில் எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நான் உள்ளே போய் உன் அத்தான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கால் ரெண்டும் வீங்கி, வயிறு மேடாக. முப்பது வருஷம் அந்த மனுஷனோடு சண்டை போட்டுக் குடும்பம் நடத்தியிருக்கிறேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டே, 'என் பெண்ணுக்கு ஏதாவது பொருந்தாமல் போகட்டும்' என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படிக் கேட்டால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்டேன்.

பிறகு உன் மாணவியிடம் போனேன்.

"டாக்டரம்மா, அந்த வாக்கியத்தை என் பெண்ணுக்குச் சொல்லிடுங்க."

"அம்மா கேட்டா சொல்ல முடியாதும்மா. அவங்க கேக்கணும்."

"அவ சின்னப் பொண்ணு, அவளுக்கு என்ன தெரியும்?"

"மூணு தடவை தனியா கூப்பிட்டுக் கேட்டுட்டேன். மூணு தடவையும் 'எங்கப்பாவுக்குக் கொடுக்கறேன்'னுதான் சொன்னாங்க. கடைசி தடவை 'டாக்டர், உங்களுக்குக் காது கேக்காதா'ன்னு கேட்டாங்க."

என் வாய் அப்படியே அவளுக்கு.

தம்பி, ஆறு மாதமாக யார் வேண்டாம் என்று சொன்னார்கள் என்று ஊர் முழுக்க மோப்பம் பிடித்துக்கொண்டு திரிந்தேன். கொழுந்தனை, ஆஸ்பத்திரியை, உன் மாணவியை. கடைசியில் வேண்டாம் என்று சொல்லத் துடிக்கிறவள் நான்தான். உன்னைப் புரிந்துகொண்டேன் என்று பெரிய மனுஷத்தனமாக எழுத மாட்டேன். என்னைக் கொஞ்சம் புரிந்தது.

நீ சொன்னால் உன் மாணவி கேட்பாளா? ஒரு போன் போதும். உன்னிடம் இதுவரை எதுவும் கெஞ்சியதில்லை.

உன் அக்கா

---

ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சொன்னாலும் கேட்க மாட்டாள். கேட்டால் அவள் என் மாணவி இல்லை.

வியாழக்கிழமை வருகிறேன். எனக்கு மறுபரிசோதனை செய்யச் சொல்லியிருக்கிறேன். புதிய முறையில் படம் எடுத்தால் வழி இருக்கலாம். வாலுவிடமும் அத்தானிடமும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். என் மனைவியும் உடன் வருகிறாள். அவளோடு நீ அதிகம் பேச முயல வேண்டாம். கோபமாக இருக்கிறாள்.

தம்பி

---

ஜூலை 14

அன்புத் தம்பிக்கு,

நீ மூன்றாம் மாடியில், நான் முதல் மாடியில். இருந்தும் கடிதம். கொடுக்கிறவரைக் குடும்பத்தார் பார்க்கக் கூடாது என்று கண்ணாடி டாக்டர் கதவை மூடிவிட்டாள். உன் சட்டம் உன் தலையிலேயே விடிந்திருக்கிறது. நர்ஸிடம் கொடுத்தனுப்புகிறேன். மருந்து நேரத்துக்குக் கொடுக்கிறார்களா? ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

நீ பொருந்துகிறாய் என்று சொன்னார்கள். வாலு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள், தன் பெருமையை மாமன் தட்டிப் பறித்துவிட்டானாம். உன் சம்சாரம் கூடத்தில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். நாற்காலி எல்லாம் ஒன்றாகச் சேர்த்தது அல்லவா, அவள் அழும்போது எனக்கும் ஆடுகிறது.

இன்று மத்தியானம் உன் மாணவி என்னைத் தனியாக அழைத்துக் கேட்டாள். "சார் இப்ப கொடுக்க வந்திருக்காரு. நீங்க யாராவது அவரை வற்புறுத்தினீங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கு நீ போவாய், என் பெண் தப்புவாள். ஆமாம் என்றால் உன்னை அனுப்பிவிடுவார்கள், வாலுதான் போக வேண்டும். பொய் எனக்கு மூச்சு விடுவது போல, உனக்கே தெரியும். ஆனால் உன் அச்சகத்துப் பையன் லிஃப்டில் கோட்டைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றான்.

"ஆமா டாக்டரம்மா. ஆறு மாசமா கடுதாசி போட்டே குத்தினேன். அப்புறம் பேசாம இருந்து குத்தினேன். அதுதான் ரொம்ப வலிச்சிருக்கும்" என்றேன்.

அவள் உன்னிடம் இன்னொரு முறை பேச வருவாள். அதற்குள் இது உன் கைக்கு வர வேண்டும். தம்பி, வேண்டாம் என்று சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது. நீ சொன்னால் நான் உன்னைத் திட்ட மாட்டேன் என்று எழுதத்தான் வந்தேன். அது பொய். திட்டுவேன், மனசுக்குள் திட்டுவேன். வாலு உள்ளே இருக்கிற நேரம் முழுக்கத் திட்டுவேன். அப்புறம் ஒருநாள் நிறுத்திவிடுவேன். அக்காக்களுக்கு நிறுத்தத் தெரியும். நீ உயிரோடு இருந்தால்தான் நிறுத்த முடியும், அதையும் யோசித்துக்கொள்.

உன் வாயால் வருவது எதுவோ அதுதான். யாரும் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்க மாட்டோம். எல்லோரையும் டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

உன் அக்கா

---

அக்டோபர் 2

அன்புள்ள முக்கால் ஈரல் தம்பிக்கு,

இந்நேரம் உன்னுடையது முழுசாக வளர்ந்திருக்கும் என்றாள் உன் மாணவி. இருந்தாலும் இந்தப் பெயர் எனக்குப் பிடித்துவிட்டது. இங்கே எல்லோரும் சாப்பிடுகிறோம், சண்டை போடுகிறோம், அதாவது நலம்.

உன் அத்தான் கண் வெளுத்துவிட்டது. நேற்று டிப்போ வரை நடந்து போய்ப் பழைய ஆட்களைப் பார்த்துவிட்டு வந்தார். உன் ஈரல் உள்ளே போன நாளிலிருந்து அவருக்கு அதிகாரம் கூடிவிட்டது. காலையில் எழுந்ததும், "ரிப்போர்ட் எங்கே? இதை ஏன் முன்னாடியே சொல்லல?" என்கிறார். இது எங்கள் வீட்டுச் சரக்கு இல்லை. திருப்பி எடுத்துக்கொள்ள முடியுமா என்று விசாரித்துச் சொல்.

வாலு பரீட்சைக்குப் படிக்கிறாள். ஓரகத்தி ஒருநாள் எல்லோர் முன்னாலும், "அது சரிக்கா, ஜனவரில கோணலா இருந்த குழாய் ஜூலைல எப்படி நேராச்சு?" என்று கேட்டாள். உன் அத்தான் உட்பட அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். "புது மெஷின்ல பாத்தாங்க. உனக்குப் பல் பிடுங்கினாங்களே, அந்த மாதிரி நினைச்சியா?" என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டாள். சந்தேகப்படுகிறவளுக்குச் சந்தேகப்படுகிறவளைத் தெரியாதா? பட்டுக்கொள்ளட்டும்.

உன் சம்சாரத்துக்கு என் மேல் கோபம் தீர்ந்ததா? தீராவிட்டால் அவசரமில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் நாற்காலியையே பெயர்த்து அடித்திருப்பேன்.

உன் கடிதம் வந்தது. உறை கனமாக இருந்ததும் எனக்குக் குறுகுறுத்தது. முதல் தாளைப் படித்தேன். தழும்பு அரிக்கிறது, சிரித்தால் இழுக்கிறது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வகுப்புக்குப் போகத் தொடங்கிவிட்டாய், கொடுக்க வருகிறவர் உட்காரும் நாற்காலியில் உன் மாணவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கேள்வி கேட்கச் சொல்கிறாய், அந்த ஒரே வாக்கியத்தை எடுத்துவிட்டு இப்போது பத்துப் பதினைந்து கொடுத்திருக்கிறாய் என்பது வரை படித்தேன். அன்றைக்கு உன் மாணவி உள்ளே வந்து கதவை மூடிய பிறகு நீ அவளிடம் என்ன சொன்னாய் என்று அதில் இல்லை. நல்லது.

இரண்டாம் தாள் 'அக்கா, ஜனவரி மாதம் நான்' என்று தொடங்கியது. அதற்கு மேல் நான் போகவில்லை. நாலாகக் கிழித்தேன். குப்பைக் கூடையில் போட்டால் மத்தியானத்துக்குள் எடுத்து ஒட்டிப் படித்துவிடுவேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால் வாளித் தண்ணீரில் ஊறப் போட்டு, மை கரைந்த பிறகு கொட்டிவிட்டேன்.

நிஜமாகவே படிக்கவில்லையா என்று உனக்குச் சந்தேகம் வரும். என் தம்பிக்கு வராமல் இருக்குமா? வரட்டும். கேட்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா